இருபத்தாறாவது வரி

எங்கள் பஸ் நிலையத்தையும் அதை ஒட்டிய ரயில் நிலையத்தையும் பெரிதாக்கித் திரும்பக் கட்டப் போகிறார்களாம். என் பழைய கந்தோரில் இப்போது வேலை செய்யும் நிரோஜா போன கிழமை போன் எடுத்தாள்.

"சேர், அடிக்கல் நாட்டுற விழாவுக்கு ஒரு மலர் போடுறம். முதல் நிலையத்தைக் கட்டினது நீங்கள்தானே. உங்கட அனுபவத்தை ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ."

"நல்லதை மட்டுமோ எழுத வேணும்?" என்று கேட்டேன்.

"நீங்கள் எழுதுறதை எழுதுங்கோ சேர்" என்றாள்.

எழுதியிருக்கிறேன். மலரில் போடுவார்களோ தெரியாது. மன்னார்க் கரையில் அந்த நிலையம் எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். இதில் வருகிற இரண்டு குடும்பங்களும் இன்றைக்கும் அந்த வழியால்தான் போய் வருகின்றன.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்தவன். பொறியியலாளர் வரைந்ததைத் தரையில் நின்று கட்டுவிப்பதும், கட்டியதை அளப்பதும், அளந்ததற்குக் கையெழுத்து வைப்பதும் என் வேலை. யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வேலைக்கு வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் நான் கட்டியதெல்லாம் தற்காலிகம்தான். தகரக் கொட்டகை, முகாம் மலசலகூடம், தறப்பாள் போட்ட பள்ளிக்கூடம். ஆறு மாதத்துக்கு என்று கட்டிய சிலது ஆறு வருடம் நின்றது. சிலது ஒரு மாரிக்கும் தாங்கவில்லை. கீரிக் கிராமத்தில் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்கூட என்னைக் கொட்டகை மாஸ்ரர் என்றுதான் சொல்வார்கள். அதனால் நிலைய வேலை என் கைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயதாகியும் முதன்முதலாக உத்தியோகம் கிடைத்தவன் மாதிரி இருந்தது.

ரயில் திரும்ப ஓடத் தொடங்கியிருந்த காலம். ஆட்கள் ரயிலால் இறங்கி, மூட்டை முடிச்சோடு சேற்றுக்குள்ளால் நடந்து, பஸ் நிற்கிற வெளிக்கு வருவார்கள். அங்கே ஒரு வேம்பும் ஒரு தேத்தண்ணிக் கடையும்தான். மலசலகூடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற கர்ப்பிணிப் பெண்கள் கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். திட்டம் இதுதான்: ரயில் மேடையிலிருந்து பஸ் மண்டபத்துக்குக் கூரை போட்ட நடைபாதை, ஆறு பஸ் தரிப்பிடம், இருக்கைகள், கழிவறை, தண்ணீர். மழையில் நனையாமல், வெயிலில் காயாமல் ஒரு மனிதன் ரயிலால் இறங்கி பஸ் ஏற வேண்டும்.

என் மேலதிகாரி சபாநாதன் சேர். நான் வேலை செய்த பொறியியலாளர்களில் அவரைப் போல் வேலை தெரிந்தவர் இல்லை. அவரைப் போல் மரியாதை தெரிந்தவரும் இல்லை. கூலியாளைக்கூட "வாங்கோ, இருங்கோ" என்பார். கதிரையில் உட்காருமுன் கைலேஞ்சியால் ஒருதரம் தட்டுவார். சட்டைப்பையில் ஒரு பேனையும் ஒரு பச்சைப் பென்சிலும் இருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. வேலை நன்றாக வந்தால் "நாங்கள் செய்தம்" என்பார். ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தால் "நீங்கள் என்ன சொல்லுறீங்கள் தம்பி?" என்று கேட்பார். நாம் சொன்ன பிறகு, "அப்ப நீங்கள் சொன்னபடியே செய்வம்" என்பார். தன் கட்டளை எதையும் அவர் எழுதித் தந்ததில்லை. எந்தத் தாளிலும் கீழே உள்ளவனின் கையெழுத்து விழுந்த பிறகுதான் தன்னுடையதை வைப்பார். அதை நான் அப்போது பணிவு என்று நினைத்திருந்தேன்.

வரைபடம் முடிவாகுமுன் அவர் ஒன்று செய்தார். "கடதாசியில பஸ் திரும்பும். தரையில திரும்புதோ பாப்பம்" என்று ஒரு பஸ்ஸை வெறும் வெளிக்குக் கொண்டுவரச் சொன்னார். வந்த சாரதி ராமையா. ராமையாவின் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்து முருங்கனுக்கு உள்ளே குடியேறியது. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக ஒரு விபத்தும் இல்லாதவர் என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். அவர் மெல்ல மெல்ல பஸ்ஸைத் திருப்ப, நான் பின்சில்லுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புத் தகரத்தோடு நடந்து கோடு போட்டேன். காலை முழுக்க ஆறு தரிப்புக்கும் ஆறுதரம். கோடுகளை அளந்து படத்தைத் திருத்தினோம்.

தேத்தண்ணி குடிக்கும்போது ராமையா கேட்டார்: "சார், தரிப்புக்கு எந்தப் பக்கம் எறக்கம் வைக்கிறீங்க?"

"மண்டபத்துப் பக்கம். வாய்க்கால் அங்கதான் போகுது. மற்றப் பக்கம் வைச்சால் மாரியில றோட்டில தண்ணி நிக்கும்."

"மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு பாத்தீங்க. பஸ்ஸு எந்தப் பக்கம் ஓடும்னு பாக்கலையே. பிரேக் விட்டுச்சுன்னா நேரா சனங்க உக்காந்திருக்கிற எடத்துக்குத்தானே போகும்?"

நான் சபாநாதன் சேரிடம் சொன்னேன். அவர் எழும்பிப் போய் ராமையாவின் கையைப் பிடித்து, "நல்ல காரியம் சொன்னீங்கள்" என்றார். அன்றைக்கே படத்தில் ஏறியது. ஒவ்வொரு தரிப்பின் முகப்பிலும் இரண்டு தூண். நாலு அங்குல இரும்புக் குழாய், உள்ளே கொங்கிறீற், மூன்றடி நிலத்துக்குக் கீழே, இரண்டரை அடி மேலே. மொத்தம் பன்னிரண்டு.

கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் சென்றது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிற நாள் குறிக்கப்பட்டுவிட்டது. குழாய்கள் கொழும்பிலிருந்து வந்து சேர விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. அதற்கிடையில் தரிப்பிடம் முழுக்கப் பூட்டுக்கல் பதித்து முடித்துவிட்டோம். தூண் நட வேண்டுமானால் பன்னிரண்டு இடத்தில் கல்லைக் கிளப்பிக் கிடங்கு வெட்ட வேண்டும். மேசன்மார் எல்லாரும் கடைசிப் பூச்சு வேலையில் நின்றதால் குழாய்களைத் தண்ணீர்ப் பம்ப் அறைக்குப் பின்னால் புல்லில் அடுக்கி வைத்தோம்.

விழாவுக்கு முதல்நாள் இறுதிப் பரிசோதனை. எப்படி நடந்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக விளக்கமாக எழுதுகிறேன். நாற்பது வரி கொண்ட ஒரு பட்டியல். சபாநாதன் சேர் ஒவ்வொரு வரியாக வாசிப்பார். நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, அளந்து, "ஓம்" என்று சொல்ல வேண்டும். அவர் பச்சைப் பென்சிலால் சரி போடுவார். நடைபாதை அகலம்: நாடாவைப் பிடித்தேன், ஓம். கழிவறைச் சாய்வு: ஒரு வாளி தண்ணீரை மூலையில் ஊற்றினேன், துவாரத்தைத் தேடி ஓடியது, ஓம். கைபிடிக் கம்பி: என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன், ஓம். இருக்கையின் ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து வரிக்கும் அப்படித்தான்.

இருபத்தாறாவது வரியை அவர் வாசித்தார். "தரிப்பிட முகப்புத் தடுப்புத் தூண்கள் பன்னிரண்டு."

அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"குழாய் வந்திட்டுது சேர். நடேல்லை."

"தெரியும் தம்பி. இப்ப கல்லை உடைச்சால் நாளைக்கு மண்ணும் கிடங்குமாய்க் கிடக்கும். என்ன செய்வம், நீங்கள் சொல்லுங்கோ."

"விழா முடிய நடலாம்."

"எவ்வளவு நாள் செல்லும்?"

"ரெண்டு நாள்."

"அப்ப ரெண்டு நாள் வேலை. ஓம் எண்டு போடவோ, இல்லை எண்டு போடவோ? இல்லை எண்டு போட்டால் திறக்கேலாது."

ஒருவரும் என்னை மிரட்டவில்லை. வெளியே மேசன்மார் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் கட்டிய முதல் நிரந்தரக் கட்டடம் பூசி மெழுகி என் முன்னால் நின்றது. அதைத் திறக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. அதுதான் காரணம். வேறு காரணம் தேடி வருடக் கணக்காக யோசித்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

"ஓம் எண்டு போடுங்கோ" என்றேன்.

முதலில் நான் கையெழுத்து வைத்தேன். பிறகு அவர் வைத்தார்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. சனம் பெருகியது. நான் மூன்றாம் நாளே ஒரு கடிதம் எழுதினேன், தரிப்புகளை இரண்டிரண்டாக மூடித் தூண் நட அனுமதி வேண்டும் என்று. சபாநாதன் சேர் போனில், "சனம் இப்பதானே பழகுது, பொறுங்கோ" என்றார். ராமையா ஒருநாள் மண்டபத்தில் என்னைக் கண்டு, "சார், தூண் எப்ப?" என்று கேட்டார். "அடுத்த கிழமை அண்ணை" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தரை மணி. நான் நிலையத்தில்தான் நின்றேன், பம்ப் அறையில் தண்ணீர் ஏறவில்லை என்று குழாய்க்காரரோடு. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் ஒரு பெண்ணின் குரல், பிறகு பல குரல்கள். ஓடிப்போய்ப் பார்த்தபோது ராமையாவின் பஸ் நான்காம் தரிப்பைத் தாண்டி மண்டபத்துக்குள் முகத்தை வைத்து நின்றது. அவர் எஞ்சினை நிறுத்தாமல், கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, நேரம் பதியப் போயிருக்கிறார். கைப்பிரேக் கம்பி தேய்ந்திருந்தது. பஸ் ஒரு மனிதன் நடக்கிற வேகத்தில் சரிந்து வந்து, வயோதிபர் ஏறத் தோதாக நாங்கள் தாழ்வாகப் பதித்து வைத்திருந்த கல்விளிம்பில் ஏறி, இருக்கையை மண்டபத் தூணோடு சேர்த்து நெரித்திருக்கிறது. மற்றவர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். அந்த இருக்கையில் இருந்த ஹதீஜா உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். எழும்ப முடியவில்லை.

அவர் சிலாவத்துறைப் பக்கத்தவர். கிளினிக் முடிந்து ஊருக்குப் போகக் காத்திருந்தவர். பக்கத்தில் மருந்துப் பையும் கிளினிக் கொப்பியும் கிடந்தன. தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன மகள் ஸபீனா திரும்பி வந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

ராமையா முன்சில்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "அடுத்த கெழமைன்னீங்களே சார்" என்றார். அதற்குள் பொலிஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மரண விசாரணை. போகுமுன் சபாநாதன் சேர் தன் வாகனத்தில் என்னை ஏற்றிக்கொண்டார். வழியில், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ தம்பி. கேளாததைச் சொல்லப் போனால் எல்லாருக்கும் குழப்பம்" என்றார். விசாரணை அதிகாரி என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். நிலையம் முறைப்படி பரிசோதிக்கப்பட்டதா? ஓம். பாவனைக்கு உகந்தது என்று உறுதிப்படுத்தப்பட்டதா? ஓம். நான் சொன்னது இரண்டும் பொய்யில்லை. ராமையாவை விளக்கமறியல் சிறைக்குக் கொண்டு போனார்கள்.

ஜனாஸா அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தூண் நடுகிற வேலை தொடங்கியது. சொன்ன மாதிரியே இரண்டு நாளில் முடிந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஸபீனா கந்தோருக்கு வந்தாள். கூட அவளுக்குச் சிறிய தகப்பன் முறையான ஒருவர். வேலையில் நின்ற மேசன் ஒருவன் சிலாவத்துறையில் கலியாணம் முடித்தவன், அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். நான் கதிரையைக் காட்டினேன், அவள் இருக்கவில்லை.

"சேர், உம்மா மௌத்தான நேரம் அந்தத் தூணெல்லாம் வந்து கிடந்ததாம். உண்மையா?"

"ஓம்" என்றேன். அந்த வருடம் நான் சொன்ன ஓம்களில் யோசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

"எங்க கிடந்தது? எனக்குக் காட்டுங்கோ."

நிலையம் கந்தோரிலிருந்து கிட்டத்தான். மூன்று பேரும் நடந்து போனோம். பம்ப் அறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினேன். குழாய் கிடந்த இடத்தில் புல் வெளிறி நீள நீளமாகக் கோடு விழுந்திருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அங்கிருந்து திரும்பி நான்காம் தரிப்பு வரைக்கும் நடந்தாள். கூட்டத்தில் பேசுகிற மாதிரி அல்ல, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "இவ்வளவு கிட்டவா கிடந்தது" என்றாள். சிறிய தகப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறாமல் ஓட்டோ பிடித்துப் போனார்.

அன்று பின்னேரம் என் கோப்பிலிருந்த பரிசோதனைப் பட்டியலின் பிரதியையும், மூன்றாம் நாள் எழுதிய கடிதத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு ராமையாவின் சட்டத்தரணியிடம் போனேன். போகுமுன் மனைவியிடம் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள், "வேலை போகுமோ?" என்று கேட்டாள். "போகலாம்." "முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் சபாநாதன் சேர் கூப்பிட்டார். கோபம் இல்லை. தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார்.

"தம்பி, பட்டியலில முதல் கையெழுத்து ஆருடையது?"

"என்ரை சேர்."

"ஓம் எண்டு போடச் சொன்னது ஆர்?"

"நான்தான்."

"அப்ப நீங்கள் உங்களுக்கு எதிராத்தான் சாட்சி சொல்லப் போறீங்கள். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வைச்சிருக்கிறீங்கள். யோசியுங்கோ."

"யோசிச்சிட்டன் சேர்."

அவர் பச்சைப் பென்சிலை எடுத்துத் திரும்பப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு என்னோடு வேலை தவிர்ந்த எதையும் பேசவில்லை. மரியாதை மட்டும் குறையவில்லை.

வழக்கு என் முறைக்கு வரப் பத்து மாதம் சென்றது. சாட்சிக் கூட்டில் ஏறி இருபத்தாறாவது வரியை வாசித்தேன். தூண் வேண்டும் என்று முதலில் சொன்னவரே எதிரிக் கூட்டில் நிற்பவர்தான் என்பதையும் சொன்னேன். நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை மரண விசாரணையில் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். "கேட்கவில்லை ஐயா" என்றேன். மன்றில் யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றும் கேட்கிறது.

கைப்பிரேக் பழுதான பஸ்ஸின் எஞ்சினை ஓட விட்டு இறங்கிப் போனது குற்றம் என்று தீர்ப்பு. தூண் நடாமல் விட்ட பிழையையும் கணக்கில் எடுத்துச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் போனது. என் மீது உள்விசாரணை நடந்தது. பதவி இறக்கி, வேறு மாவட்டத்தில் பழைய வரைபடங்களைக் காக்கிற அறைக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை எந்தக் கட்டடத்துக்கும் நான் கையெழுத்து வைக்கவில்லை. சபாநாதன் சேர் அதற்கு முன்பே கொழும்புக்கு மாற்றலாகிப் போய், மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். என் ஓமை நம்பித்தான் கையெழுத்து வைத்ததாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதிலும் பொய்யில்லை.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் ராமையாவைத் தேடிப் போனேன். முருங்கனில் இறங்கி, வயல் வரம்பு வழியாக அரை மணி நேர நடை. அவர் வீட்டு வாசலில் மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்தார். கூலி வேலை. ஆள் பாதியாகியிருந்தார். மனைவி பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து போட்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், கோர்ட்டில் நடந்ததைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் பிடியைத் தட்டிக்கொண்டே கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"சார், நீங்க வந்து சொன்னீங்க. அத நான் மறக்கல. நீங்க சொல்லலைன்னா உள்ளதான் இருந்திருப்பேன். ஆனா அதுக்கு முன்னால பத்து மாசம். எம் பொண்ணு டியூசனுக்குப் போனா கொலகாரன் மகள்னு சொன்னாங்க. படிப்ப நிப்பாட்டிட்டா. நீங்க கோர்ட்டில சொன்னது பேப்பர்ல வந்துச்சு, எங்க ஊருக்கு வரல."

பிடியை இன்னொருதரம் தட்டிவிட்டு அவரே, "நானும் அந்தக் கம்பியப் பாத்திருக்கணும். மொதலாளிகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ சொல்லல. சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு" என்றார். மனைவி தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.

பிரதான வீதி வரைக்கும் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு வந்தார். வயல் அறுவடை முடிந்து வெறுமையாக இருந்தது. மெதவாச்சிப் பக்கமிருந்து பஸ் வந்தது. அவர் கையைக் காட்டி மறித்தார். நடத்துநர் பழைய ஆள், அவரை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தான்.

"அண்ணே, எவ்வளவு நாளாச்சு. ஏறுங்க, டவுனுக்குத்தானே?"

"இல்லப்பா, சார் மட்டுந்தான்" என்றார் ராமையா.

"காசு வேணாம்ணே, சும்மா வாங்க. சைக்கிளப் பின்னால போடலாம்."

"நான் இப்ப பஸ்ல ஏறுறதில்லப்பா. நீ போ" என்றார்.

நான் ஏறிக்கொண்டேன். நடத்துநர் என்னிடம் வந்து சீட்டைக் கிழித்தபடி, "சார் அவருக்குச் சொந்தமா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.